மலை மாதா படிக்கட்டு

“லோர்னா, ஒரு நிமிஷம். அந்த நிழல் தப்பான பக்கம் விழுது.”

ஜனவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. வெர்லின் டோஸ்ட்ருட் இதைச் சொன்னபோது நான் வேலை பார்க்கும் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். அவருடைய மனைவி ஆர்டிஸ் மேலே வாசலருகே கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அது முடிய எப்படியும் ஐந்து நிமிடம் ஆகும்.

“எந்த நிழல்?”

“இன்னிக்குத் திரையில பாத்தோமே, குதிரை மேல உக்காந்திருக்கிற ராஜா சிலை, அதோட நிழல்.”

வெர்லின் அநாவசியமாகப் பேசுகிறவர் இல்லை. நாற்பது வருஷம் கவுண்டி சர்வேயராக, அதாவது மாவட்ட நில அளவையாளராக, இருந்தவர். சதுப்பிலும் பனியிலும் கால் புதைய நடந்து, யாருடைய வேலி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று சொல்லி இரண்டு பக்கத்திலும் வசவு வாங்கியவர். எங்கள் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரமும் திரையைப் பார்ப்பார். கேள்வி கேட்டதே இல்லை. அவர் வாயைத் திறந்ததும் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தேன்.

கூட்டம் என்று நான் சொல்வது லிஸ்பன் கூட்டத்தை. அது தொடங்கக் காரணம் ஆர்டிஸ்தான். அவருக்கு நுரையீரல் தழும்பேறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வரும் வியாதி. சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டுதான் எங்கும் போவார். வியாதி தெரிவதற்கு முன்னால் இருவரும் லிஸ்பனுக்குப் போக டிக்கெட் எடுத்து, புதுப் பெட்டிகூட வாங்கிவிட்டார்கள். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது டாக்டர் விமானமே கூடாது என்றார். ஏன் லிஸ்பன் என்று யாராவது கேட்டால் ஆர்டிஸ், “ஏன், இருக்கக் கூடாதா?” என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். “லோர்னா, எனக்கு ஊர் சுத்தணும். நுரையீரல் வேண்டாங்குது. உன்கிட்ட கீழ ஒரு பெரிய திரை சும்மாதானே தொங்குது?” என்று கேட்டார்.

தேடியதில் லியோனோர் கிண்டெலா கிடைத்தாள். நாற்பது வயதுக்காரி, லிஸ்பனில் வழிகாட்டி. ஒரு குச்சியில் போனைப் பொருத்திக்கொண்டு சந்து சந்தாக நடந்தபடியே பேசுவாள். வீட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் நேரலையில் அவளோடு நடக்கலாம், கேள்வி கேட்கலாம், அந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லலாம். எங்களுக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே மாலை நான்கு. நூலகச் செலவில் வாரம் ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்தேன். ஒன்பது பத்துப் பேர் வந்தார்கள். காப்பியும் எலுமிச்சை கேக்கும் இருந்தால் எங்கள் ஊரான டுலூத்தில் எதற்கும் ஒன்பது பேர் வருவார்கள் என்று நூலக இயக்குநர் சொன்னார். ஆனால் வந்தவர்கள் வருவதை நிறுத்தவில்லை. இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் முப்பது வருஷம் எஞ்சின் அறையில் கிடந்த ரெய்னோ கங்காஸ், “இப்ப என்னை அந்த ஊர்ல எறக்கி விடு. ஒருத்தர்கிட்டயும் வழி கேக்காம கோட்டைக்குப் போய்ட்டுத் திரும்பி வருவேன்” என்று பீற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

“சரி, நிழலுக்கு என்ன?” என்று வெர்லினிடம் கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்து விரித்தார். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் அம்புக்குறிகள்.

“ஆத்தங்கரைத் திடல். லியோனோர் ஆத்துக்கு முதுகைக் காட்டி நிக்கறா. எதிர்ல அந்தப் பெரிய வளைவு வாசல். அது வடக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு, அதுவும் ஜனவரியில, சூரியன் தென்மேற்குல தாழ இருக்கணும். ராஜா நிழல் வலது பக்கம் நீளமா விழணும். இன்னிக்கு இடது பக்கம் விழுந்துச்சு, குட்டையா.”

“அப்படின்னா?”

“அது காலையில எடுத்த படம். பதினொரு மணி இருக்கும். ஜனவரியும் இல்ல, அக்டோபர்னு தோணுது.” தாளை மடித்தார். “டிசம்பர்லேர்ந்தே சந்தேகம். ஆர்டிஸ் அந்தச் சந்துல திரும்புன்னா, அங்க சிக்னல் வராதுன்னு சொல்லிட்டு நேராவே போறா. முன்னாடி அதே சந்துல பத்து தடவை போயிருக்கோம்.”

 நேரலை, நேரலை என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியவள் நான். அந்தச் சுற்றுலாவை நடத்தும் கம்பெனிக்கு அன்றைக்கே எழுதப்போகிறேன் என்றேன்.

“கொஞ்சம் பொறு” என்றார். “ஆர்டிஸுக்குத் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரியே அந்த ஊர் மேப்பை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துடறா. அவகிட்டேருந்து இதையும் பிடுங்கச் சொல்றியா?”

மேலேயிருந்து ஆர்டிஸின் குரல் கேட்டது. “வெர்லின்! கோட்டு மாட்டியாச்சு, இப்ப வேர்க்குது எனக்கு!”

அவர் போய்விட்டார். நான் எழுதவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை லிஸ்பன் வானிலையைப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து அங்கே கொட்டும் மழை. பத்து மணிக்குத் திரையில் தெரிந்த தெருக்கல் எல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. லியோனோரின் குரல் எப்போதும்போல உற்சாகமாக இருந்தது.

“இன்னிக்கு ஆத்துலேர்ந்து காத்து ரொம்பக் குளிரா வருது. என் விரலெல்லாம் மரத்துப்போச்சு, பாருங்க” என்றாள்.

“கையுறை போட்டுக்க, பொண்ணே. எங்க ஊர்க் குளிருக்கு உன் விரல் உதிர்ந்தே போயிருக்கும்” என்று முன்வரிசையிலிருந்து ஆர்டிஸ் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் லியோனோரும் சிரித்தாள். சிரிக்க ஒரு வினாடி அதிகம் எடுத்துக்கொண்டாள். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். வெர்லின் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆர்டிஸை ஏமாற்றுவதுபோல எனக்குப் பட்டது. உண்மையும் அதுதானே.

புதன்கிழமை மத்தியானம் ஆர்டிஸ் தனியாக வந்தார். பனிக்காலத்தில் அவர் தனியாகக் கார் ஓட்டுவதே இல்லை. மூச்சு இரைக்க என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். சிலிண்டரைக் காலால் ஓரமாகத் தள்ளினார். ஒரு தாளை என் முன்னால் போட்டார். அதே கட்டத் தாள், அம்புக்குறிகள்.

“சட்டை துவைக்கப் போட்டேன், பையில இருந்துச்சு. நாப்பத்தாறு வருஷமா அவர் கிறுக்கறதைப் படிச்சிருக்கேன், இது எனக்குப் புரியும். உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“போன வாரத்துக்கு முன் வாரம்.”

“அப்ப நான் கையுறை போட்டுக்கன்னு சொன்னப்போ நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

நான் அந்தத் தாளை மடித்து அவர் பக்கம் தள்ளினேன்.

“எனக்கு நுரையீரல்தான் கெட்டுப்போச்சு, லோர்னா. மண்டை நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு ஏமாத்துறா, சரி. அவ யாரோ. நீங்க ரெண்டு பேரும் என்னைப் பாவம்னு நினைச்சீங்க பாரு, அதுதான் எனக்குத் தாங்கல.” எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தார். “தண்ணி குடு. குடுத்துட்டு உன் மூஞ்சியைக் காட்டாதே.”

தண்ணீர் கொடுத்தேன். இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நானும் வேறு எங்கே போவது, அது என் மேசை. மூஞ்சியைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தம்பதி வந்தபோதே ஒருவரோடு ஒருவர் பேசவில்லை என்று தெரிந்தது. வெர்லின் வழக்கமான இடத்தில் உட்காரப் போனார். “இங்க வா” என்று ஆர்டிஸ் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். அவர் வந்து உட்கார்ந்தார்.

திரையில் கதீட்ரல் தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள் தெரிந்தன. லியோனோர் வணக்கம் சொல்லி, இன்று கூட்டம் குறைவு என்று ஆரம்பித்தாள்.

“லியோனோர்” என்றார் ஆர்டிஸ். “நீ எங்க இருக்க?”

“கதீட்ரல் முன்னாடி. டிராம் இப்ப வரும், பாருங்க.”

“டிராம் வரும், தெரியும். நீ எங்க இருக்கன்னு கேட்டேன்.”

படம் ஓடிக்கொண்டே இருந்தது. மஞ்சள் டிராம் வளைவில் திரும்பிப் போயிற்று. யாரோ ஒரு பையுடன் தெருவைக் கடந்தார்கள். லியோனோரின் குரல் வரவில்லை. ரெய்னோ என்னைப் பார்த்து, “சத்தம் போயிடுச்சா?” என்று கேட்டார். அப்போது திரை கறுத்தது. பிறகு வேறு படம் வந்தது.

சின்ன அறை. கட்டில், ஜன்னல், ஜன்னலில் வழிந்துகொண்டிருந்த மழை. லியோனோர் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். இடது கால் முழங்கால் வரை கட்டோடு ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. இத்தனை மாதத்தில் அவள் முகத்தை நாங்கள் முழுசாகப் பார்த்தது அபூர்வம். எப்போதும் தெருவைத்தான் காட்டுவாள்.

“நவம்பர் கடைசியில விழுந்துட்டேன்” என்றாள். “மழையில அந்தக் கல்லு சோப்பு மாதிரி வழுக்கும். பத்துப் படி உருண்டேன். எலும்புல தகடு வச்சிருக்காங்க. வீடு ஆத்துக்கு அக்கரையில, நாலாவது மாடி. லிஃப்ட் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ரெண்டு பேர் தூக்கிட்டுப் போவாங்க, அவ்ளோதான். நான் வரலன்னு சொன்னா உங்க வாராந்திர நடையைக் கம்பெனியில வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. பழைய நடையெல்லாம் பதிவு பண்ணி வச்சிருந்தேன். ரெண்டு வாரம் ஓட்டலாம்னு நினைச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

ரெய்னோ எழுந்தார். எழுபத்தெட்டு வயதிலும் கதவை அடைக்கிற உடம்பு.

“கால் ஒடைஞ்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல, பொண்ணே” என்றார். “எங்க கப்பல்ல நானும் ரெண்டு விரல் விட்டவன்தான். பழைய படத்தைப் போட்டதுக்கும் கோபம் இல்ல. போன வாரம் விரல் மரத்துப்போச்சுன்னு சொன்ன பாரு, அது எதுக்கு? யாரும் கேக்கலையே.”

லியோனோர் அழுதாள். ரெய்னோ தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னால் நான்கு பேர் போனார்கள். அவர்கள் சார்பாகக் கம்பெனிக்கு எழுத வேண்டியது என் வேலை. எழுதினேன். அந்த வாரங்களுக்கு நூலகத்திடம் வாங்கியதைத் திருப்பித் தந்தார்கள், லியோனோர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் செய்தது சரிதான். செய்துவிட்டு அந்தக் கடிதத்தை மூன்று முறை எடுத்துப் படித்தேன்.

ஆர்டிஸ் மட்டும் அவளை விடவில்லை. லியோனோரின் சொந்த எண்ணை வாங்கிக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். “ரெண்டு பேருக்கும் வெளிய போக முடியாது. பேச என்ன குறைச்சல்? டாக்டரைத் திட்டுவோம்” என்றார். வெர்லினோடும் என்னோடும் எப்போது சமாதானமானார் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. ஒரு நாள் காட்டரிசி சூப் ஒரு டப்பாவில் என் மேசைக்கு வந்தது. அதோடு சரி.

மார்ச் கடைசியில் லியோனோர் கைத்தடியோடு படி இறங்கினாள். ஆர்டிஸ் என்னிடம் சொல்லி, கீழ்த்தளத்தை மறுபடி திறக்க வைத்தார். இந்த முறை கம்பெனி இல்லை, நோட்டீஸ் இல்லை. நாங்கள் ஐந்து பேர். படகில் ஆற்றைக் கடந்து வந்து, திடலில் முந்நூறு அடி தூரம் நடந்தாள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் மூன்று முறை உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் போனைச் சும்மா ஒரு பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். ஒரு காவல்காரர் ஒரு காலணியைக் கழற்றி அதிலிருந்து கல்லை உதறுவதை நாங்கள் ஐந்து நிமிடம் பார்த்தோம். ஆர்டிஸ் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். “இதுதான் நடை. போன வருஷம் நீ ஓட்டின ஓட்டத்துக்கு எனக்கு இங்க உக்காந்தே மூச்சு வாங்கும்” என்றார்.

ஏப்ரல் முழுக்க அப்படி நடந்தோம். சமதளமான இடமெல்லாம் முடிந்தது. ஆர்டிஸுக்கு மலை மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஊரிலேயே உயரமான இடம் அது. கீழேயிருந்து மேலே வரை சந்தும் படிக்கட்டுமாக ஏறும்.

“என்னால ஏற முடியாது” என்றாள் லியோனோர். “இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷமும் தெரியாது. வேணும்னா டாக்ஸியில மேல போய்க் காட்டறேன்.”

“டாக்ஸியில போனா உச்சி மட்டும்தான் தெரியும். எனக்குப் படி வேணும்.”

“படி ஏற ஆள் வேணுமே.”

ஆர்டிஸ் மெதுவாகத் தலையைத் திருப்பி வெர்லினைப் பார்த்தார். வெர்லின் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன?” என்றார்.

அவர் சம்மதிக்க மூன்று வாரம் பிடித்தது. பாதிச் சண்டை என் கண்முன்னால் நடந்தது.

“எழுபத்திரண்டு வயசுல நான் தனியா கடல் தாண்டிப் போறதா? நீ இங்க தனியா கிடக்கறதா?”

“என் தங்கச்சி வந்து இருப்பா. லோர்னா இருக்கா. எட்டு நாள்ல செத்துட மாட்டேன். செத்தா உனக்குத் தகவல் வரும்.”

“இப்படிப் பேசினா போவேனா?”

“வேற எப்படிப் பேசினா போவ? சொல்லு, அப்படிப் பேசறேன்.”

“நீ இல்லாம அதைப் பாத்து நான் என்ன பண்ணப்போறேன், ஆர்டிஸ்?”

ஆர்டிஸ் ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் சரி செய்துகொண்டார். “எனக்கப்புறம் நீ பல இடத்தை நான் இல்லாமதான் பாக்கணும், கிழவா. ஒண்ணையாவது நான் இருக்கறப்பவே பாரு” என்றார். நான் எழுந்து காப்பி ஜாடியைக் கழுவப் போய்விட்டேன்.

மே மாதக் கடைசி வாரம் வெர்லின் போனார். அதற்குள் செய்தி பரவியிருந்தது. சனிக்கிழமை காலை நான் பதினைந்து நாற்காலி போட வேண்டியிருந்தது. ரெய்னோவும் வந்தார். உட்காரவில்லை, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஏற்பாடு இதுதான். மலையடிவாரத்தில் ஒரு சின்ன காப்பிக்கடையில் லியோனோர் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். வெர்லின் போனைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். அவர் காட்டுவதை அவள் தன் போனில் பார்த்து எங்களுக்கு விவரம் சொல்வாள். ஆர்டிஸ் எங்கே திரும்ப வேண்டும் என்று உத்தரவு போடுவார்.

முதல் பத்து நிமிடம் எங்களுக்கு வெர்லினின் கட்டைவிரல்தான் தெரிந்தது. பிறகு அவருடைய காலணி. பிறகு ஒரு சாக்கடை மூடி, வெகு நேரம்.

“வெர்லின், அது என்னது?”

“தண்ணி வடியறதுக்கு எப்படி வெட்டியிருக்காங்க பாரு. இந்தச் சரிவுக்கு இதைவிட நல்லா யாராலும் பண்ண முடியாது. நூத்துக்குப் பதினெட்டு இருக்கும்.”

“எனக்குச் சாக்கடை வேண்டாம். வாசல் காட்டு. அந்தப் பச்சைக் கதவு. இல்ல, இடது. உன் இடது!”

“அந்தப் பச்சைக் கதவு முந்நூறு வருஷத்துக்கும் மேல” என்று கீழேயிருந்து லியோனோர் ஆரம்பித்தாள். அப்போது படத்துக்கு வெளியே ஒரு பெண் உரக்கக் கத்துவது கேட்டது. வெர்லின் போனைத் திருப்பினார். மேல் ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு தடித்த அம்மாள் கையில் ஈரச் சட்டையோடு அவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் படம் பிடிக்கிறார் என்று கோபம். வெர்லினுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“போனை அவங்க பக்கம் நீட்டுங்க, சத்தத்தைக் கூட்டுங்க” என்றாள் லியோனோர். அவர் நீட்டினார். லியோனோர் தன் மொழியில் என்னவோ மளமளவென்று சொன்னாள். அந்த அம்மாள் பதில் கத்தினாள். லியோனோர் மறுபடி சொன்னாள். திட்டு நின்றது. ஜன்னலில் ஆள் மறைந்து, கீழ்க் கதவு திறந்தது. அம்மாள் ஒரு மர நாற்காலியையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து படியில் வைத்தாள். வெர்லினைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, போனுக்குள் தலையை நுழைத்தாள். எங்கள் திரை முழுக்க அவள் முகம்.

“என்ன கேக்கறாங்க?” என்றார் ஆர்டிஸ்.

“புருஷனை வெயில்ல படியேற விட்டுட்டு நீ சொகுசா உக்காந்திருக்கியான்னு கேக்கறாங்க” என்றாள் லியோனோர்.

“ஆமான்னு சொல்லு.”

சொன்னாள். அம்மாள் சிரித்த சிரிப்பில் எங்கள் ஸ்பீக்கர் கரகரத்தது. கதவோரம் ரெய்னோவும் சிரித்துவிட்டார். பிறகு ஓசைப்படாமல் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்கு மேல் வெர்லின் போனை ஒழுங்காகப் பிடித்தார். அந்த அம்மாள் இரண்டு திருப்பம் வரை கூடவே வந்து வழி காட்டிவிட்டுத் திரும்பினாள். ஒரு சுவரோரம் ஊதாப்பூ உதிர்ந்து படியெல்லாம் நிறம் மாறிக் கிடந்தது. ஒரு பூனை. ஒரு மூடிய பள்ளிக்கூடம். லியோனோர் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வெர்லின் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. ஆர்டிஸ், “நில்லு” என்பார், அவர் நிற்பார். “போ” என்பார், போவார். அவருக்குக் களைப்பு என்று எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் ஆர்டிஸுக்குத் தெரிந்தது.

கடைசிப் படி ஏறியதும் மரங்களும் ஒரு சின்ன வெள்ளைக் கோயிலும் வந்தன. அதைத் தாண்டிக் கைப்பிடிச் சுவர். கீழே முழு ஊரும் கிடந்தது. கோட்டை, சிவப்புக் கூரைகள், ஆறு, தூரத்தில் பாலம்.  வெர்லின் போனைச் சுவர்மேல் ஊன்றிப் பிடித்தார்.

“வந்துட்டேன்” என்றார்.

“தெரியுது. தண்ணி குடி.”

குடித்தார். போனை இடமிருந்து வலமாக மெதுவாக ஒரு முறை திருப்பினார். அளவெடுப்பவர் கை, துளி பிசகவில்லை. “அதுதான் கோட்டை” என்றார். எல்லாருக்கும் தெரிந்ததுதான். “அங்க நாம அக்டோபர்ல போனோம்.” நாம என்றார். “திடல் இங்கேர்ந்து தெரியல, வீடுங்க மறைக்குது. ஆர்டிஸ், உனக்குத் தெரியுதா? வெளிச்சம் சரியா இருக்கா? இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போகட்டுமா?”

ஆர்டிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெர்லின்.”

“ம்.”

“போனைப் பையில போடு.”

“என்ன?”

“பையில போடு. வந்ததுலேர்ந்து நீ போனைத்தான் பாக்கற. ஊரை நீ இன்னும் பாக்கவே இல்ல. பெஞ்சுல உக்காரு. கொஞ்ச நேரம் உன் கண்ணால பாரு.”

“உனக்குத் தெரியாதே.”

“எனக்குக் கேக்கும். அணைக்காதே, பையில மட்டும் போடு.”

திரை கறுத்தது. துணி உரசும் சத்தம், பெஞ்சு கிறீச்சிடும் சத்தம். பிறகு ஊரின் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. யாரோ கிதார் வாசிக்கிறார்கள், சுமாராக. குருவிகள் கூட்டமாகக் கீச்சிட்டுப் பறக்கின்றன. ஒரு குழந்தை எதையோ வேண்டாம் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறது. எங்கோ கீழே டிராம் மணி. எல்லாவற்றுக்கும் நடுவில் சட்டைப் பைக்கு மிக அருகில் வெர்லின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகிறது.

பதினைந்து பேர் கறுப்புத் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம். விளக்கைப் போடலாமா என்று நினைத்தேன், போடவில்லை. ஆர்டிஸ் கண்ணை மூடியிருந்தார். பதினோரு நிமிடம். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரியும். 

அப்புறம் துணி மறுபடி உரசியது. படம் வந்தது. வெர்லினின் முகம், தப்பான கேமரா, மிக அருகில். கண் சிவந்திருந்தது.

“சரி, பாத்துட்டேன்” என்றார்.

“எறங்கு” என்றார் ஆர்டிஸ். “முழங்காலைப் பாத்து எறங்கு. எறங்கறதுதான் கஷ்டம். போற வழியில அந்த அம்மா நாற்காலியை உள்ள எடுத்து வச்சாங்களான்னு பாரு.”

அவர் இறங்க ஆரம்பித்தார். ரெய்னோ எழுந்து போய் எல்லாருக்கும் காப்பி ஊற்றினார்.